ஒத்தக்கடைக்காரன் யானைமலைய பாத்த கதை

பசுமை நடை ஆரம்பிச்சு 15 வருஷம் தாண்டிருச்சுங்கிறது போன வாரம் வாட்ஸப்ல ஒரு பழைய போட்டோ வந்தப்ப தான் எனக்கு உறைச்சுச்சு. போட்டோல நான் இருக்கேன், தலைல முடி இருக்கு, கைல இட்லி தட்டு இருக்கு. பின்னாடி மலை. எந்த மலைன்னு கண்டுபிடிக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு.

தெரியாதவங்களுக்கு, பசுமை நடைங்கிறது மதுரைய சுத்தி இருக்குற மலை, குகை, கல்வெட்டுன்னு ஞாயித்துக்கெழம காலைல கூட்டமா போய் பாக்குற ஒரு குழு. எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் ஆரம்பிச்சது. தொல்லியல் துறைல இருந்து ரிட்டையர் ஆன சாந்தலிங்கம் அய்யா கூட வந்து கல்வெட்ட படிச்சு சொல்லுவாரு. எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் சந்தா கேட்டதில்ல, மெம்பர் கார்டும் குடுத்ததில்ல. காலைல ஆறு மணிக்கு சொன்ன எடத்துல வந்து நின்னா போதும்.

இது ஆரம்பிச்சதே எங்க மலையால தான், அத சொல்லிக்கிறதுல எனக்கு கொஞ்சம் பெருமை. நான் ஒத்தக்கடைக்காரன். வெளியூர்லருந்து மேலூர் வழியா பஸ்ல வரும்போது யானை படுத்துக் கெடக்குறது தெரிஞ்சா பைய எடுத்து மடில வச்சுக்கலாம், அம்புட்டு தான் யானைமலைக்கும் எனக்கும் இருந்த ஒறவு. 2010ல அத சிற்ப நகரமா மாத்தப்போறோம்னு ஒரு திட்டம் வந்துச்சு, சுத்துப்பட்டு ஊர்க்காரங்க விடவே முடியாதுன்னு நின்னாங்க, அப்ப இந்த மலைல அப்படி என்ன தான் இருக்குன்னு பாக்க வெளியிலருந்து ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க, அப்படி வந்த கூட்டம் தான் பின்னாடி பசுமை நடை ஆச்சு. அடிவாரத்துலயே பொறந்து வளந்த நான் அவங்க பின்னாடி டூரிஸ்ட் மாதிரி போனேன், வெக்கக்கேடு தான்.

நரசிங்கம் கோயில் குடைவரைக்கு நான் சின்னப்புள்ளைல ஆயிரம் தடவ போயிருப்பேன். பிரசாதம் வாங்கத்தான். அங்க கல்வெட்டு இருக்குறது கண்ணுல பட்டதே இல்ல. அதுல ஒரு கதை இருக்கு. கி.பி. 770, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலம். மாறன் காரின்னு ஒரு மந்திரி மலைய கொடஞ்சு இந்த கோயில செய்றாரு. குடமுழுக்கு செய்றதுக்கு முன்னாடியே செத்துப்போறாரு. அதுக்கப்பறம் தம்பி மாறன் எயினன் அதே பதவிக்கு வந்து, முகமண்டபத்தக் கட்டி அண்ணன் விட்டத முடிக்கிறாரு. "நீர்த்தெளித்தான்"னு முடியுது கல்வெட்டு, குடமுழுக்கு செஞ்சு முடிச்சான்னு அர்த்தம். ஒத்த வார்த்தை. அத அய்யா வாசிச்சு முடிச்சப்ப கூட்டத்துல சத்தமே இல்ல, எங்க வீட்டுலயும் அண்ணன் பாதில விட்டுட்டுப் போன ஒரு வீடு இருக்கு, அதனால எனக்கு மட்டும் அது கொஞ்சம் எங்கயோ போய் குத்துச்சு. சரி அத விடுங்க.

அப்பறம் ஒவ்வொரு எடமா போனோம். மாங்குளம் பக்கம் மீனாட்சிபுரத்துல ஏறுற மலை கொஞ்சம் மூச்சு வாங்க வைக்கும். அங்க தான் 1882ல ராபர்ட் சீவெல்ங்கிற வெள்ளக்கார அதிகாரி பாத்த தமிழி கல்வெட்டு, அதாவது பழங்காலத் தமிழ் எழுத்துல வெட்டுனது, இருக்கு, நெடுஞ்செழியன் பேரு அதுல வருது. பாட்டுல படிச்ச பேரு பாறைல இருக்குன்னா சும்மாவா? சமண முனிவர்களுக்கு படுக்கை வெட்டிக் குடுத்தவங்க பேர எழுதி வச்சிருக்காங்க, வெள்ளறைன்னு ஒரு ஊரு வணிகர் கூட்டமும் வருது. அது இன்னிக்கு பக்கத்துல இருக்குற வெள்ளரிப்பட்டி தான்னு சொல்றாங்க. வெள்ளரிப்பட்டி பஸ் ஸ்டாப்ப எத்தன தடவ தாண்டியிருப்பேன்! ரெண்டாயிரம் வருஷமா பேரு கொஞ்சம் தேஞ்சு அங்கயே உக்காந்துருக்கு.

கீழவளவு தான் என் பையனுக்குப் பிடிச்ச எடம். அங்க கல்வெட்டுல எழுத்து தலைகீழா, வலம் எடம் மாறி இருக்கும். ஏன் அப்படி வெட்டுனாய்ங்கன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாய்ங்க. பையன் அப்ப மூணாவது படிச்சான், பாறைல முதுக வச்சு தலைய பின்னாடி தொங்கப்போட்டு "அப்பா இப்ப நேரா தெரியுது"ன்னு கத்துனான், அவனுக்கு அதுல ஒரு எழுத்தும் தெரியாது, ஆனா நேரா தெரியுதாம். ஆறு மணிக்கு ஏன் வரச்சொல்றாங்கன்னும் அன்னிக்குத் தான் புரிஞ்சுச்சு. சாஞ்ச வெயில் பட்டா தான் எழுத்தோட பள்ளத்துல நெழல் விழும், படிக்கலாம். ஒம்போது மணிக்கு மேல போனா வெறும் பாறை.

எனக்கு எரிச்சல் வர்ற விஷயமும் இருக்கு. கற்படுக்கைல பெயிண்டால பேரு எழுதுறவன், ஹார்ட்டு வரைஞ்சு அம்பு விடுறவன், பாட்டில ஒடச்சுப் போடுறவன். ஒருதடவ படுக்கைல நிமிந்து படுத்து பாத்தேன், கரெக்டா மூஞ்சிக்கு மேல எவனோ ஒருத்தனோட டென்த் பேட்ச் வருஷம். ஆனா பத்து வருஷத்துக்கு முன்னாடி இருந்த அளவுக்கு இப்ப இல்லங்கிறது என் கணக்கு, ஏன்னா ஊர்க்காரங்களே வெரட்டுறாங்க. அரிட்டாபட்டில அத கண்ணால பாத்தேன். 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரிய தலமா அறிவிச்ச ஊரு, அங்க டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாங்கன்னு 2024 கடைசில சேதி வந்தப்ப சுத்தி இருக்குற ஊரே கெளம்பிருச்சு, 2025 ஜனவரில ரத்து ஆச்சு. அப்ப ஒரு அப்பத்தா "எங்க மலைல ரெண்டாயிரம் வருசத்து எழுத்து இருக்குய்யா"ன்னு சொல்லுச்சு. அவங்க போராட்டம் அவங்களோடது, பசுமை நடை தான் காரணம்னு சொன்னா தப்பு. ஆனா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நூறு பேரு வந்து ஒரு பாறைய சுத்தி நின்னு பாத்துட்டுப் போனா, அந்த ஊர்ப்புள்ளைகளும் என்னதான் இருக்குன்னு வந்து நிக்கும்ல, நான் நின்ன மாதிரி.

கீழக்குயில்குடி ஆலமரத்தடில 2013ல 25வது நடைய விருட்சத் திருவிழான்னு பெருசா கொண்டாடுனாங்க. அதுல ஒரு பெரிய மேடைப்பேச்சும் எனக்கு ஞாபகம் இல்ல, விழுதுல தொங்குன புள்ளைகள எறக்க முடியாம அம்மாக்கள் பட்ட பாடு தான் ஞாபகம் இருக்கு.

15 வருஷத்த என் பங்குக்கு நானும் கொண்டாடணும்னு நேத்து எங்க அம்மாவ அங்க கூட்டிட்டுப் போனேன். வயசு எழுபத்திரெண்டு, மொழங்கால் வலி, மலை மேல சமணச் சிற்பம் இருக்குற பேச்சிப்பள்ளம் வரைக்கும் ஏற முடியாதுன்னு சொல்லிருச்சு. செட்டிப்புடவுங்கிற குகைக்கு மட்டும் மெதுவா போனோம். குகைக்குள்ள உக்காந்துருக்குற மகாவீரர காட்டி, சமணம், தீர்த்தங்கரர், வட்டெழுத்துன்னு கேட்டு வச்சிருந்ததெல்லாம் நான் ஒப்பிச்சேன். அம்மா முழுசா கேட்டுச்சு. கேட்டுட்டு, "இவரு செட்டியாருடா. எங்க அப்பத்தா காலத்துலருந்து செட்டியாரு தான்"னுச்சு.

செட்டிப்புடவுன்னு பேரு வந்ததே அப்படித்தான்னு நடைல எனக்கு சொல்லியிருக்காங்க. நான் அத அம்மாட்ட சொல்லல. கீழ எறங்கி தாமரைக்கொளத்து ஓரமா உக்காந்து, கொண்டு போன இட்லியப் பிரிச்சோம். பொடிக்கு எண்ணெ கொண்டுவர மறந்துட்டேன்னு வீடு வர்ற வரைக்கும் திட்டு.