ஆடிப் பதினெட்டுக்கு ஒரு சப்பரம்

ஜூலை 26, சனி

நேற்று ராத்திரி ஊறப்போட்ட பேப்பர் காலையில் நன்றாகக் குழைந்திருந்தது. பழைய தினத்தாள்களை எல்லாம் கிழித்துப் போட்டவள் சின்னவள். நாலு வயதுப் பிள்ளையிடம் "இஷ்டத்துக்குக் கிழி" என்று சொன்னால் அந்த முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்!

அத்தை கொல்லை உரலில் பேப்பரோடு ஊறவைத்த வெந்தயத்தையும் சேர்த்து இடித்துக் கொடுத்தார். வெந்தயத்தின் கொழகொழப்புதான் இதற்குப் பசை. குடத்தைக் கவிழ்த்து, ஈரத்துணி சுற்றி, கூழை அப்பித் தட்டிக்கொண்டே வந்தால் கூடை. அத்தை பிறந்த வீட்டில் பருப்பு, புளியெல்லாம் இந்தக் கூடையில்தான் இருக்குமாம்.

பெரியவன் ஒரு சொம்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அப்பினான். சின்னவள் தன் முழங்காலிலேயே அப்பிக்கொண்டாள். காய்ந்ததும் கழற்றினால் கிண்ணம் வருமாம். அத்தை ஈரத்துணியோடு துடைக்க வந்தார். "இருக்கட்டும் அத்தை, அவளே பார்க்கட்டும்" என்றேன். திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை அப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

கொலுப்பெட்டியில் இருக்கிற தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைப் பெரியவன் எடுத்து வந்தான். எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்துவிடுகிறதே, ஏன் என்று கேட்டான். 2008-09இல் புவிசார் குறியீடு வாங்கிய பொம்மை அது. சொல்லிப் புரியவைப்பதைவிட ஒன்று செய்தே பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

மேட்டூரில் ஜூன் 12 திறந்த தண்ணீர் இப்போது குடமுருட்டியில் ஓடுகிறது. அதனால் ஆற்றுக்குள் இறங்காமல் வாய்க்கால் கரையில் வண்டல் எடுத்து வந்தோம். நகத்தால் கீறினால் கோடு அப்படியே நிற்கிறது, அவ்வளவு மழமழப்பு. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகுச் சிலைமேல் முதலில் பூசுவது காவிரி வண்டலைத்தான் என்று சொன்னேன். "அப்போ இது சாமி மண்ணாம்மா?" என்றாள் சின்னவள்.

உடைந்த ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி, அதற்குள் மண்ணை அடைத்து, மேலே அட்டைக் கூம்பு ஒட்டினோம். பெரியவனின் பொம்மை ஆடி ஆடி நிமிர்ந்தது. சின்னவளுக்குத் தலை பெரிதாக வேண்டும். ஒரு எலுமிச்சம்பழ அளவு மண்ணை உச்சியில் வைத்தாள், பொம்மை படுத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வைத்தாள், மறுபடியும் படுத்தது. நான் வாய் திறக்கவில்லை. அப்புறம் தலையிலிருந்து ஒரு கிள்ளு எடுத்தாள், தள்ளிப் பார்த்தாள், இன்னொரு கிள்ளு எடுத்தாள். கடைசியில் சுண்டைக்காய் அளவுத் தலையோடு அது எழுந்து நின்றபோது அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார். கனம் அடியில் இருந்தால்தான் நிமிரும் என்பதை இனி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கடைகளில் இப்போது எல்லாவற்றையும் வெட்டி, எண் போட்டு, பெட்டியில் வைத்தே விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளை யோசிக்க வேண்டியதை எல்லாம் வேறு யாரோ முன்கூட்டியே யோசித்து முடித்துவிடுகிறார்கள்.

ஜூலை 30, புதன்

பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம். கூடை இன்னும் காயவில்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஆனாலும் கூடையின் அடிப்பாகம் ஈரமாகவே இருக்கிறது. சாயங்காலம் சாயம் மட்டும் தயார் செய்தோம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்ததும் ஆரத்திச் சிவப்பு வந்தது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் அதை மட்டும் நானே கரைத்தேன். சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்ததும் நீலம் ஊதாவாக மாறியது. "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று கேட்டுக் கேட்டு வேலியில் இருந்த பூவெல்லாம் தீர்ந்தது.

ஆகஸ்ட் 2, சனி

நாளை பதினெட்டாம் பெருக்கு. கடைத்தெருவில் சப்பரம் ரெடிமேடாகவே கிடைக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் இழுக்கிற சப்பரத்தைப் பிள்ளைகளே செய்ய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

பழைய ரப்பர் செருப்பில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டான் பெரியவன், அவன் அப்பா வெட்டிக் கொடுத்தார். செருப்புச் சக்கரம், மூங்கில் குச்சி அச்சு, மேலே பிஸ்கட் அட்டைப்பெட்டி. மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அடுப்பில் கண்ணாடிப் பதம் வரும்வரை கிண்டினேன். பூச்சி வராமல் இருக்க இதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கிற பசையில் கூடவே கூடாது. அதனால் அன்றன்றைக்குப் புதிதாகக் கிண்டிவிடுகிறேன்.

தலைமுடி, கதவு, பூனை என்று எல்லாவற்றிலும் பசை. கோபுரம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. அவர் நிமிர்த்தப் போனார். "அப்பா, அது எங்க கோபுரம்" என்றான் பெரியவன். அவரும் சிரித்துக்கொண்டே கையை எடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

ஆற்றங்கரையில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, காப்பரிசி என்று படைத்து முடித்தோம். தெருவில் ஏழெட்டுச் சப்பரங்கள் வந்தன. பாதி வழியில் எங்கள் சக்கரம் ஒன்று கழன்று உருண்டது. பெரியவன் பதறவே இல்லை. பூவரசங்குச்சி ஒன்றை ஒடித்து ஆணியாகச் செருகினான், சப்பரம் கிளம்பிவிட்டது. வண்டியைச் செய்தவனுக்குத்தானே அதைப் பழுதுபார்க்கத் தெரியும்! அப்பாயிக்குச் சொல்ல வீட்டுக்கு ஓடினான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கூடை ஒருவழியாகக் காய்ந்துவிட்டது. குடத்திலிருந்து கழற்றும்போது விளிம்பு கொஞ்சம் பிய்ந்தது. அத்தை அதன்மேல் துணி ஒட்டி, சின்ன வெங்காயம் போட்டு அடுப்படியில் வைத்துவிட்டார். 27ஆம் தேதி பிள்ளையார் சதுர்த்தி. அச்சு வாங்கக்கூடாது என்று பெரியவன் இப்போதே சொல்லிவிட்டான். தும்பிக்கைக்குள் ஈர்க்குச்சி வைத்தால் காயும்போது விழாது என்பது அவன் யோசனை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வாய்க்கால் கரைக்குப் போகிறோம்.