விண்ணப்பத்தின் மூன்று கட்டங்கள்

பதவி உயர்வு விண்ணப்பத்தில் மூன்று சிறிய கட்டங்கள் இருந்தன: மொத்த ஆய்வுக் கட்டுரைகள், மொத்த மேற்கோள்கள் (பிறர் தங்கள் கட்டுரைகளில் என் கட்டுரைகளைச் சுட்டியவை), எச்-இன்டெக்ஸ். ஒரு மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று வாரம் பிடித்தது.

கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுத்து எண்ணும் தளங்கள் மூன்றைப் பார்த்தேன். கூகுள் ஸ்காலர் என் எச்-இன்டெக்ஸ் 21 என்றது. ஸ்கோபஸில் 15, வெப் ஆஃப் சயன்ஸில் 14. இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த அளவீடு இது. 21 என்றால், தலா 21 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 21 கட்டுரைகள் இருக்கின்றன என்று பொருள். ஸ்காலர் ஆய்வேடுகள், ஆய்விதழில் வரும் முன்பே பொதுவில் வைக்கப்படும் முன்னச்சுகள், புத்தக அத்தியாயங்கள் என இணையத்தில் கிடைப்பதையெல்லாம் எண்ணுகிறது. மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களுக்கும் மாநாட்டுத் தொகுப்புகளுக்கும் முதலிடம் தருகின்றன. ஆகவே வேறுபாடு வருவது இயல்புதான். ஆனால் ஆறு என்பது எனக்கு அதிகமாகப்பட்டது.

ஸ்காலர் பட்டியலின் அடிவரை போனேன். சிறுநீரகக் கற்களைப் பற்றிய கட்டுரை ஒன்று என் பெயரில் இருந்தது. நானோ எலிகளின் மூளையில் நினைவுக்கும் இட உணர்வுக்குமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் மின்முனை வைத்து நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்கிறவன். என் பெயரே கொண்ட மருத்துவர் ஒருவரின் கட்டுரைகள் பதினொன்று என் கணக்கில் சேர்ந்திருந்தன. புதிய கட்டுரைகளைத் தானாகவே சேர்த்துக்கொள்ளும்படி எப்போதோ நான் விட்டுவைத்த அமைப்புதான் காரணம். அவற்றை ஒவ்வொன்றாக நீக்கினேன். எண் 17-க்கு இறங்கியது. மனம் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் இன்னொருவரின் உழைப்பை இத்தனை நாள் சுமந்திருந்தேனே என்ற கூச்சம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஸ்கோபஸில் தலைகீழான சிக்கல். தொடக்கக் காலக் கட்டுரைகளில் ஒரு முதலெழுத்தோடும் பிறகு இரண்டு முதலெழுத்துகளோடும் எழுதியிருந்தேன். அது என்னை இரண்டு ஆளாக்கிவிட்டது. நான்கு கட்டுரைகள் அந்த இன்னொரு 'நான்' பெயரில் கிடந்தன. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான ஆர்கிட் எண்ணைக் காட்டி இரண்டையும் இணைக்கச் சொல்லி விண்ணப்பித்தேன். இணைத்தார்கள். 15 என்பது 16 ஆனது. ஆய்வு மாணவர்களுக்கு இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்: முதல் கட்டுரை அனுப்பும் முன்பே உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்துவிடுங்கள், 16 இலக்க ஆர்கிட் எண்ணையும் அன்றே வாங்கிவிடுங்கள். பத்தாண்டு கழித்துத் திருத்துவது பெரும்பாடு.

எண்கள் சரியான பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. என் கட்டுரைகளில் அதிக மேற்கோள் பெற்றது, ஒரே மின்முனையில் கலந்து விழும் துடிப்புகளை நரம்பணுவாரியாகப் பிரிக்கும் ஒரு கணினி முறையைப் பற்றியது. ஆறு மாதத்தில் எழுதியது. பலருக்குப் பயன்படுவதால் அது எண்ணிக்கையில் முந்துகிறது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நான்கு ஆண்டு உழைத்த கட்டுரை வேறு. 1971-இல் ஓ'கீஃபும் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் எலியின் மூளையில் கண்ட இட நரம்பணுக்களை (எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது அதிகம் துடிப்பவை) வைத்து, தூக்கத்தைக் கலைத்தால் அவற்றின் இட வரைபடம் மாறுகிறதா என்று பார்த்தோம். எங்கள் சோதனையில் மாறவில்லை. 'மாறவில்லை' என்ற முடிவை வெளியிட ஆய்விதழ் தேடி அலைந்தோம். அதற்குக் கிடைத்தவை 9 மேற்கோள்கள். குறைந்தது பத்து மேற்கோளாவது பெற்றவற்றை மட்டும் எண்ணும் ஸ்காலரின் ஐ10 கணக்கில்கூட அது சேராது.

அந்த ஒன்பதையும் ஒரு மாலையில் அச்செடுத்து வாசித்தேன். ஐந்தில் முன்னுரையின் பெயர்ப் பட்டியலோடு சரி. ஒன்றில், இட வரைபடம் மாறுகிறது என்பதற்கு ஆதாரமாகவே எங்களைக் காட்டியிருந்தார்கள், முற்றிலும் எதிர்மாறாக. அதுவும் ஒரு மேற்கோளாகத்தான் எண்ணப்படுகிறது! கடைசியாக எடுத்த கட்டுரையின் முறைகள் பகுதியில் கை நின்றுவிட்டது. நாங்கள் பொதுவில் வைத்த பதிவுகளை வேறொரு குழு இறக்கி, முற்றிலும் வேறு முறையில் மறுபடி அலசி, அதே முடிவுக்கு வந்திருந்தது. "ஏழாம் எலியின் மூன்றாம் நாள் பதிவை விட்டுவிட்டோம், மின்முனை நகர்ந்ததாக மூலக் குறிப்பேட்டில் உள்ளது" என்று ஒரு வரி.

அந்தக் குறிப்பை எழுதியது என் மாணவி. இப்போது வேறு ஊரில் தனி ஆய்வகம் நடத்துகிறார். தொலைபேசியில் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேச்சில்லை. "சார், அன்றைக்கு அதை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது" என்றார்.

விண்ணப்பத்தில் மூன்று எண்களையும், எந்தத் தளத்தில் எந்தத் தேதியில் எடுத்தவை என்ற குறிப்போடு எழுதினேன். ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களின் அளவை, வைத்துத் தனிக் கட்டுரையை எடை போடக் கூடாது என்பது ஆய்வு மதிப்பீடு பற்றி 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தின் மையக் கோரிக்கை. அதனால் அந்தக் காரணியைச் சேர்க்கவில்லை. தேர்ந்தெடுத்த ஐந்து கட்டுரைகள் கேட்டிருந்தார்கள். ஒன்பது மேற்கோள் பெற்றதை முதலில் வைத்து, ஏழாம் எலியின் கதையை நான்கு வரியில் சொன்னேன். முடிவு இன்னும் வரவில்லை. எங்களைத் தலைகீழாக மேற்கோள் காட்டியவர்களுக்கு, உரிய வரைபடத்தை இணைத்து, நேற்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்.