ஆக்கிரமிக்கப்பட்ட ஏரிகள்

எங்கள் நிறுவனம் வேகமாக வளர்கிறது என்பதற்கு வருவாய்க் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. நாற்காலியைப் பார்த்தால் போதும். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், கழுத்தில் புத்தம்புது அடையாள அட்டையோடு ஒரு தம்பி நம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். "அண்ணா, இது உங்களுடையதா?" என்று மரியாதையாகக் கேட்பான். எழுந்திருக்க மாட்டான்.

துரைப்பாக்கத்தில் அலுவலகம் திறந்தபோது, கூட்ட அறைகளுக்கு ஏரிகளின் பெயரைச் சூட்டினார்கள். போரூர், சோழவரம், வேளச்சேரி என்று கண்ணாடிக் கதவில் அழகாக எழுதியிருக்கும். யார் வாய்முகூர்த்தமோ, பலித்துவிட்டது. முதலில் வேளச்சேரியின் ஓரத்தில் இரண்டு மேசை, "தற்காலிகமாக". அடுத்த மாதம் மின் இணைப்பு வந்தது. பிறகு ஒருவர், பட்டா கைக்கு வந்துவிட்டதுபோல், துளசித் தொட்டி கொண்டுவந்து வைத்தார். போரூரை விற்பனைப் பிரிவு வளைத்துக்கொண்டது. சோழவரம் போனது யாருக்கும் தெரியவே தெரியாது.

பள்ளிக்கரணை மட்டும் தப்பித்தது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் அசல் சதுப்புநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. எங்கள் பள்ளிக்கரணை துணைத் தலைவரின் அறை. அவரும் டிசம்பரில் கலிபோர்னியாவிலிருந்து வந்து, வெயில் ஏறுவதற்குள் பறந்துவிடுகிறவர்தான்.

கூட்டம் போட மிச்சமிருப்பது வீராணம். அசல் வீராணத்துத் தண்ணீர் கடலூர் மாவட்டத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. எங்கள் வீராணம் சாலைக்கு அந்தப் பக்கம், வாடகைக்கு எடுத்த கட்டடத்தில். லிஃப்டுக்குக் காத்திருந்து, மெட்ரோ ரயில் வேலைக்கு அடைத்த தகரத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கூட்டம் முடிந்துவிடும். வளர்ச்சியால் எனக்குக் கிடைத்த நேரடிப் பலன் அது ஒன்றுதான்.

பங்கு கொடுத்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. 4 ஆண்டுகளில் தவணை தவணையாக வரும். நிறுவனம் சந்தைக்கு வரும்வரை விற்க வழியில்லை. வரியை மட்டும் முன்னதாகவே கட்டிவிடலாம். ஆக, கம்பெனியில் எனக்குப் பங்கு உண்டு, உட்காரத்தான் இடமில்லை.

நேற்று மதியம் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நிர்வாகப் பிரிவுக்காரர் அளவு நாடாவோடு வந்தார். "சார், கொஞ்சம் கையை எடுங்கள்" என்றார். எடுத்தேன். என் தயிர்சாத டப்பாவையும் நகர்த்திவிட்டு மேசையை நீளவாக்கில் அளந்தார்.

"மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்" என்று குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.