சென்டிமீட்டர் கணக்கு: வேலூரில் ஒரு விளையாட்டு நிருபரின் தடம்

வேலூருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மிச்சப் பேருக்குக் கோட்டையும் ஸ்ரீபுரம் பொற்கோவிலும். இந்தக் கட்டுரை இரண்டுக்கும் இல்லை. எழுபதுகளின் கடைசியில் தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல் வட ஆற்காடு முழுக்க சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலும் சுற்றி விளையாட்டுச் செய்தி எழுதிய ஒரு பகுதி நேர நிருபரின் தடம் இது. பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். ஊரில் எல்லோருக்கும் அவர் 'சார்'தான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

தை, மாசி மாதங்களில் வாருங்கள். பங்குனி பிறந்துவிட்டால் பகல் பதினொரு மணிக்கு மேல் இந்த ஊரில் நடக்க முடியாது. இரண்டு நாள் வேண்டும், அதில் ஒரு நாள் ஞாயிறாக இருந்தால் நல்லது.

முதல் நாள் விடியற்காலை ஐந்தரைக்கு சத்துவாச்சாரி. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதி, புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும். வேலூரின் பளுதூக்குதல் இந்தத் தெருக்களில்தான் வளர்ந்தது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் இந்த ஊர்க்காரர். ஸ்நாட்சில் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 179, மொத்தம் 328 கிலோ. நான்கு வருஷம் கழித்து கோல்டு கோஸ்ட்டில் 144, 173, மொத்தம் 317, மறுபடி தங்கம். அவர் தந்தையும் தேசிய அளவில் எடை தூக்கியவர். இங்கே இது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற பழக்கம்.

பயிற்சிக்கூடத்துக்குள் போகும் முன் செருப்பைக் கழற்றுங்கள். கீழே கிடக்கும் பாரை, அதாவது எடைத் தட்டு மாட்டும் இரும்புத் தண்டை, தாண்டக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். தாண்டினால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் அதற்குப் பிறகு யாரும் உங்களோடு பேசவும் மாட்டார்கள். தூக்குகிறவருக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். அவர் கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தித்தான் தூக்குகிறார், நடுவில் ஒரு ஆள் அசைந்தால் கவனம் போய்விடும். செல்போன் ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

சார் இங்கே வரும் பையன்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது தூரத்திலிருந்தே எடையைப் படிப்பது. சிவப்புத் தட்டு 25 கிலோ, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10, வெள்ளை 5. ஆண்கள் பார் 20 கிலோ, தட்டு கழலாமல் பிடிக்கும் இரண்டு பக்கத்துக் காலரும் சேர்ந்து 5. ஆக, தட்டே இல்லாமல் 25. ஒரு பக்கம் இரண்டு சிவப்பு, ஒரு பச்சை, ஒரு சின்ன 2 கிலோ தட்டு என்றால் 62; இரண்டு பக்கமும் 124; பாரோடு 149. மைக்கில் சொல்வது காதில் விழாத மண்டபத்தில் இந்தக் கணக்குதான் கை கொடுக்கும். பெண்கள் போட்டியில் பார் 15 கிலோ என்பதை மறந்துவிட்டால் கணக்கு முழுவதும் ஐந்து கிலோ கூடிவிடும். மாவட்டப் போட்டிச் செய்திகளில் அடிக்கடி நடக்கும் தப்பு இது.

அவருடைய நோட்டில் ஒவ்வொரு வீரருக்கும் ஆறு கட்டம் இருக்கும்: ஸ்நாட்ச் மூன்று, கிளீன் அண்ட் ஜெர்க் மூன்று. தோற்ற முயற்சியையும் எடை போட்டு எழுதி மேலே ஒரு கோடு இழுப்பார். 'மூன்றாவது முயற்சியில் தூக்கினார்' என்று எழுத வேண்டுமானால் முதல் இரண்டில் என்ன ஆனது என்று தெரிய வேண்டுமே. ஏழாவது கட்டம் உடல் எடைக்கு. அந்தக் காலத்தில் இரண்டு பேர் ஒரே மொத்தம் தூக்கினால் உடல் எடை குறைந்தவருக்குத்தான் இடம். இப்போது அந்த மொத்தத்தை முதலில் எட்டியவருக்கு. விதி மாறியது தெரியாமல் பழைய கணக்கில் முடிவை எழுதினால் தங்கமும் வெள்ளியும் இடம் மாறிவிடும்.

இன்னொரு கண்ணி பெரியவர்களிடம் பேட்டி எடுக்கும்போது. 1972 மியூனிக் ஒலிம்பிக் வரைக்கும் பிரஸ் (தோளிலிருந்து கை பலத்தில் மேலே தள்ளுவது) என்ற மூன்றாவது வகையும் இருந்தது, அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர் தன் 'டோட்டல்' இவ்வளவு என்றால், அது இரண்டு தூக்கின் கூட்டலா மூன்றின் கூட்டலா என்று கேட்காமல் எழுதக் கூடாது. கேட்காமல் எழுதினால் தாத்தா பேரனை நூறு கிலோ வித்தியாசத்தில் தோற்கடித்துவிடுவார். எடைப் பிரிவுகளையும் 2018 கடைசியில் மாற்றிவிட்டார்கள், ஆண்களுக்கு 77 கிலோ என்ற பிரிவே இப்போது இல்லை.

எட்டு மணிக்கு டிபன் முடித்துக்கொண்டு ஊருக்குள் வாருங்கள். கோட்டை, அகழி, ஜலகண்டேஸ்வரர் கோவில் எல்லாம் எல்லாரும் எழுதியாயிற்று. 1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சியின் நினைவுத் தூண் மக்கான் பக்கம் இருக்கிறது, அதையும் பாருங்கள். கோட்டைக்கு அருகில் உள்ள நேதாஜி மைதானத்தில் காலையில் ஓடுகிறவர்கள் கூட்டம். சாரின் நோட்டுகளில் அதிகமாக வருகிற இடப்பெயர் இதுதான். கபடி, வாலிபால், பள்ளி தடகளம் எல்லாம் இங்கே.

செய்தி எழுதுவது பாதி வேலை. அனுப்புவது மீதி. அப்போது தந்தி அலுவலகத்தில் பத்திரிகைத் தந்திக்குக் கட்டணம் குறைவு, பத்திரிகை கொடுத்த அத்தாட்சி அட்டை இருந்தால் கையிலிருந்து பணம் போடவும் வேண்டாம். ஆனால் தமிழ் எழுத்தில் தந்தி போகாது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கேதான் வீரர்களின் பெயர் கெடும். ல, ள இரண்டுக்கும் அங்கே ஒரே எழுத்து. ன, ண இரண்டுக்கும் ஒரே எழுத்து. வளவன் வலவன் ஆவான், தனபால் தணபால் ஆவான். சார் கண்டுபிடித்த வழி: முதல் சுற்றுக்கு முன்பே அணிப் பட்டியலைத் தமிழில் எழுதி, சென்னை பஸ் டிரைவரிடம் கவராகக் கொடுத்து அனுப்பிவிடுவார். ராத்திரி தந்தியில் இனிஷியலும் எண்ணும் மட்டும். டெஸ்க்கில் (பத்திரிகை அலுவலகத்தில் செய்தியைத் திருத்திப் பக்கத்தில் போடும் இடம்) இருப்பவர் பட்டியலைப் பார்த்துப் பெயரைப் போட்டுக்கொள்வார். ஸ்கோரை எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுதுவார், 49 கை மாறி 94 ஆகாமல் இருக்க. 2013 ஜூலையில் தந்தி சேவையே நின்றது. அதற்கு வெகு முன்பே ஃபேக்ஸ் வந்து அவரை இந்தத் தொல்லையிலிருந்து விடுவித்திருந்தது.

எஸ்.டி.டி. பூத் காலத்தில் ராத்திரி நேரமானால் கட்டணம் குறையும், அதற்காக வரிசையில் காத்திருப்பார்கள். டெஸ்க் காத்திருக்காது. எனவே முழுக் கட்டணத்தில் ஒரு கால் சென்னைக்கு, இன்னொன்று வீட்டுக்கு. வீட்டில் போன் கிடையாது, பக்கத்து வீட்டு பி.பி. நம்பர். "கிளம்பிட்டேன்" என்ற ஒரு வார்த்தைக்கு ஒரு கால். பூத் ரசீதுகளைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது அந்த இரண்டாவது ரசீதை எடுத்துவிடுவார். வீட்டில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்த ரசீதுகள் இப்போதும் இருக்கின்றன.

இரண்டாம் நாள் மேற்கே, அணைக்கட்டு, பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் பக்கம். அல்லது வடமேற்கே கே.வி.குப்பம். காளை விடும் விழா காலம். மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். இங்கே திமிலைப் பிடித்து அடக்குவதில்லை. தெருவின் இரண்டு பக்கமும் தடுப்பு கட்டி, ஒரு முனையில் காளையை அவிழ்த்துவிட்டு, மறுமுனைக் கோட்டைத் தொட எத்தனை விநாடி என்று பார்க்கிறார்கள். குறைந்த விநாடிக்கு முதல் பரிசு. கிருஷ்ணகிரியிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் காளைகள் லாரியில் வரும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நின்று, 2017 தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தில் திரும்பி, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொன்ன பிறகு விழாக்கள் நிலைத்தன. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் கால்நடை மருத்துவரின் பரிசோதனையும் கட்டாயம். தேதி கடைசி நேரத்தில் தள்ளிப்போவது உண்டு, அதனால் முதல் நாள் சாயங்காலம் ஊர்க்காரர் யாரையாவது போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கே நிற்பது என்பதுதான் முக்கியம். புதிதாக வருகிறவர்கள் முடிவுக் கோட்டைத் தாண்டிப் போய் நிற்பார்கள், படம் நன்றாக வரும் என்று. அதுதான் மிக மோசமான இடம். கோடு நமக்குத்தான் கோடு, காளைக்கு இல்லை. அதே வேகத்தில் தடுப்பு முடியும் இடம் வரை வந்து, அங்கே திறந்த வெளியில் எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது. பிடிக்க நிற்கும் சொந்தக்காரர்களுக்கே அங்கேதான் அடி படும். தெருவின் நடுப்பகுதியில், இரண்டாவது தடுப்புக்குப் பின்னால், முடிந்தால் ஒரு வீட்டு மாடியில் நில்லுங்கள். கேட்டால் விடுவார்கள். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏற்கனவே இருபது பேர் உட்கார்ந்திருந்தால் வேறு மாடி பாருங்கள்.

ஒரு ஊரின் விநாடியை இன்னொரு ஊரின் விநாடியோடு ஒப்பிட்டு 'சாதனை' என்று எழுதுவது சாருக்கு ஆகாது. தெருவின் நீளம் ஊருக்கு ஊர் வேறு. ஒரு தெரு மேடு, ஒன்று சரிவு, ஒன்றில் மண் கொட்டியிருப்பார்கள், ஒன்றில் சிமென்ட் சாலை தெரியும். அவர் காலையிலேயே போய் தெருவை நடந்து அளப்பார். தன் காலடி எத்தனை அங்குலம் என்று அவருக்குத் தெரியும். செய்தியில் விநாடிக்குப் பக்கத்திலேயே தூரத்தையும் போடுவார். டெஸ்க்கில் இடம் போதாமல் தூரத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். அதற்காக அவர் சண்டை போட்ட கடிதங்களின் நகல்கள் ஒரு கட்டு இருக்கிறது, படிக்கத் தமாஷாக இருக்கும்.

திரும்பும் வழியில் இலவம்பாடி. முள்ளுக் கத்தரிக்காய் வாங்காமல் அவர் அந்தப் பக்கத்திலிருந்து வீட்டுக்குப் போனதில்லை. காம்பிலும் மூடியிலும் முள் இருக்கும், கையில் குத்தும். புவிசார் குறியீடு வாங்கிய காய். குட்டையாக, பளபளப்பாக, முள் விறைப்பாக இருப்பதைப் பொறுக்குங்கள். முள் தொய்ந்திருந்தால் பறித்து நாளாகிவிட்டது. ஆற்காட்டுப் போட்டி என்றால் மக்கன் பேடா, ஆம்பூர் என்றால் பிரியாணிப் பொட்டலம். மகள்கள் இரண்டு பேரும் சின்ன வயசில் "நைனா இன்னைக்கு எந்த ஊரு?" என்று கேட்பது சாப்பாட்டை உத்தேசித்துத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் ஆட்டம் என்றால் குடும்பமே கூடப் போகும். மனைவி மரத்தடியில், பிள்ளைகள் ஸ்கோர் போர்டுக்குப் பக்கத்தில்.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போயின. அவர் நடந்த எல்லையை இன்று ஒரே நிருபருக்குக் கொடுக்க மாட்டார்கள்.

முடிவு காட்பாடி ஜங்ஷன். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து 1, 2 எண் டவுன் பஸ், பாலாற்றுப் பாலம் தாண்டி வரும். ஆற்றில் பெரும்பாலும் மணல்தான். கடைசி சென்னை பஸ்ஸைத் தவறவிட்ட கவர்கள் எல்லாம் அந்தக் காலத்தில் இங்கேதான் ரயிலேறும்.

சாரின் சம்பளம் மாதச் சம்பளம் இல்லை. அச்சில் வந்த செய்தியின் நீளத்தை ஸ்கேல் வைத்து அளந்து, சென்டிமீட்டர் கணக்கில் கொடுப்பார்கள். வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டி, தேதியும் பக்கமும் எழுதி மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும். அனுப்பியதன் இன்னொரு பிரதி வீட்டுக்கு. ஒட்டுவது மனைவி, அளப்பது பெரிய பெண், கூட்டுவது சின்னவள். அப்படிச் சேர்ந்தது மூன்று டிரங்குப் பெட்டி. இப்போது அவற்றை ஸ்கேன் செய்யும் வேலை நடக்கிறது. இப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டிலும் இருந்தால் சில விஷயங்கள் உதவும்.

மைதா பசையைத் தேடித்தான் ராமபாணப் பூச்சி வரும். ஒட்டிய இடத்தில் மட்டும் ஓட்டை விழுந்திருந்தால் அதன் வேலை. மென்மையான பிரஷ்ஷால் தட்டி, நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வேண்டாம். நியூஸ் பிரிண்ட் தாளில் மரத்தின் லிக்னின் இருக்கிறது, வெளிச்சம் பட்டால் மஞ்சளாகி நொறுங்கும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். பத்து வருஷத்தில் டேப் உதிர்ந்து பசை மட்டும் பழுப்பாக எழுத்தின் மேல் நிற்கும். குறிப்பு எழுதப் பென்சில் போதும். ஸ்கேன் 400 டி.பி.ஐ.; கோப்பின் பெயரில் வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி முன்னால் வரட்டும், தானாக அடுக்கிக்கொள்ளும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய னை, லை, றா வடிவங்களைக் கம்ப்யூட்டர் சரியாகப் படிக்காது. அவற்றைக் கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டும். மழைத் தண்ணீர் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிப்போன தாள்களை இழுத்துப் பிரிக்கக் கூடாது, எழுத்து ஒரு தாளோடும் தாள் இன்னொன்றோடும் போய்விடும்.

செய்திகளுக்குத் தேதி இருக்கிறது. படங்களுக்குத்தான் இல்லை. கோப்பையோடு நிற்கும் கபடி அணி, பனியனோடு ஒரு பளுதூக்கும் பையன், பின்னால் ஒன்றுமே எழுதவில்லை. அப்போது அம்மாவை, சாரின் மனைவியை, கூப்பிட வேண்டியிருக்கிறது. வெளியூர் ஆட்டம் முடிந்து பஸ் கிடைக்காத பையன்களை சார் வீட்டுக்குத்தான் கூட்டி வருவாராம். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படத்தை ஜன்னல் பக்கம் பிடிக்கிறார். "இவன் ஒடுகத்தூரான். ரசத்தை டம்ளர்ல கேப்பான். பக்கத்துல இருக்கறவன் தண்டுமாரியம்மன் திருவிழாக் கூட்டத்துல செருப்பைத் தொலைச்சுட்டு வந்தவன், அவரு செருப்பைப் போட்டுக்கினு போனான். பேரு எழுதிக்கோ."