விரலும் பதியவில்லை, விழியும் பதியவில்லை

நவம்பரில் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டிய பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால், அந்த வேலையைக் கண் பரிசோதனை நாளோடு சேர்க்காதீர்கள். சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் எரிச்சல். பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் நவம்பரில் நிரூபிக்க வேண்டும். 80 வயதானவர்களுக்கு மட்டும் அக்டோபர் 1 முதலே வழி உண்டு. அம்மாவுக்கு 76 என்பதால் அந்தச் சலுகைக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். எனக்கு அலுவலகத்தில் கிடைத்தது ஒரு நாள் விடுப்பு. சர்க்கரைப் பரிசோதனை, கண் மருத்துவமனை, வங்கி, பல வாரங்களாக ஒழுகிக்கொண்டிருக்கும் சமையலறைக் குழாய் என எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நாள்தான்.

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பது சிக்கலில்லாமல் முடிந்தது. சாப்பிட்ட பின் கொடுக்கும் ரத்தத்துக்குத்தான் பஞ்சாயத்து. "இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்களே தவிர, எப்போதிலிருந்து இரண்டு மணி நேரம் என்று யாரும் சொல்வதில்லை. முதல் வாய் இட்லியை எடுக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. அம்மா இரண்டு இட்லியை அரை மணி நேரம் சாப்பிடுகிறவர். இந்த வித்தியாசம் எங்களுக்கு முக்கியம். வழக்கமான மாத்திரையையும் வழக்கம்போலப் போட வேண்டும். பரிசோதனை நாள் என்று அதை நிறுத்திவிட்டு வந்த ஒரு பெரியவரை அங்கே கண்டேன். மாத்திரை போடாத அளவைப் பார்த்து மருத்துவர் என்ன முடிவு செய்ய முடியும்?

ஆய்வகத்தின் உண்மையான குளறுபடி சாயங்காலம் அறிக்கை வாங்கும்போதுதான் தெரிந்தது. மருத்துவர் எழுதியது மூன்று பரிசோதனைகள். பில் போட்டது இரண்டுக்கு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி விடுபட்டிருந்தது. "காலையில் எடுத்த ரத்தத்திலேயே பார்த்துவிடுங்களேன்" என்றேன். முடியாதாம். வெறும் சர்க்கரை அளவுக்குச் சாம்பல் நிற மூடி போட்ட குழாய், எச்பிஏ1சிக்கு ஊதா மூடி. உள்ளே இருக்கும் மருந்து வேறு வேறு. ஆக, இன்னொரு முறை ஊசி குத்தியாக வேண்டும். அதற்கு வெறும் வயிறு தேவையில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். இனி உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ரத்தம் எடுக்கும்போது மூடியின் நிறத்தைப் பாருங்கள். சீட்டில் எச்பிஏ1சி இருந்து, ஊதா மூடி கண்ணில் படவில்லை என்றால் அங்கேயே கேட்டுவிடுங்கள். பில் போடும் பெண்ணுக்கு மருத்துவரின் கையெழுத்து புரியாது. புரியவில்லை என்று சொல்லவும் மாட்டார்.

கண் மருத்துவமனையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் போனோம். சொட்டு மருந்து விட்டார்கள், உட்காரவைத்தார்கள், மறுபடி விட்டார்கள், விளக்கடித்துப் பார்த்து "விழித்திரை நன்றாக இருக்கிறது" என்றார்கள். கண் பாப்பா விரிந்திருப்பதால் சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கலாக இருக்கும், வெயில் கூசும் என்றும் சொன்னார்கள். அம்மா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஆட்டோக்காரர் "வாங்கம்மா, மெதுவாக" என்று கையைப் பிடித்து ஏற்றினார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

வங்கியில் ஓய்வூதியர்களுக்கென்று தனி மேசை போட்டிருந்தார்கள். மேசையில் விரல்ரேகைக் கருவி ஒன்று, அதன் பின்னால் ஓர் ஊழியர். அம்மாவின் வலது கட்டைவிரலை வைத்தார், பதியவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தார், அதுவும் பதியவில்லை. ஐம்பது வருடம் பாத்திரம் துலக்கி, மாவாட்டி, துணி துவைத்த கை. அதில் ரேகை மிச்சமிருந்தால்தான் ஆச்சரியம். பத்து விரல்களில் எது பதிந்தாலும் செல்லும். கையைக் கழுவி, துடைத்து, சற்றுத் தேய்த்துச் சூடேற்றி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்திருக்கலாம். அவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"சார், காகிதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். அம்மா உங்கள் எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறார்?"

"இப்போதெல்லாம் டிஜிட்டல்தான் சார். காகிதம் வாங்குவதில்லை."

இது சரியல்ல. நேரில் வந்து, அதிகாரி முன்னால் படிவம் கொடுப்பது இன்றும் செல்லுபடியாகும் முறைதான். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் முறை 2014இல் வந்தது. அது வந்ததால் பழைய முறை செத்துவிடவில்லை. இதைச் சொல்ல மேலாளரைத் தேடினால் அவர் சாப்பிடப் போயிருந்தார். எப்போது வருவார் என்பதற்கு உதட்டைப் பிதுக்கினார்கள். எதிரில் உட்கார்ந்து, "தண்ணீர் கிடைக்குமா தம்பி?" என்று கேட்கிற ஒரு பெண்மணி உயிரோடு இருக்கிறாரா என்பதைக் கருவி சொன்னால்தான் அந்த ஊழியர் நம்புவார். நாங்கள் என்ன செய்ய?

"அடுத்த தெருவில் இ-சேவை மையம் இருக்கிறது. அங்கே கண்ணை வைத்துப் பதிவார்கள்" என்று வழி காட்டினார். அவர் செய்த ஒரே உதவி அது. அதுவும் உதவியாக முடியவில்லை.

மையத்துப் பையன் பொறுமைசாலி. தொலைநோக்கி மாதிரி இருந்த கருவியை அம்மாவின் கண்ணருகே வைத்து, "பாட்டி, கண்ணை நன்றாகத் திறங்கள்" என்றான். அம்மா திறந்தார். நீர் வழிந்தது. திரையில் சிவப்பு. மறுபடி திறந்தார், மறுபடி சிவப்பு. கருவி எடுத்துக்கொள்வது பாப்பாவைச் சுற்றியுள்ள கருவிழியின் அமைப்பை. சொட்டு மருந்தால் பாப்பா அகன்று, அம்மாவின் கருவிழி ஓரத்தில் மெல்லிய வளையமாகச் சுருங்கியிருந்தது. பையனிடம் விஷயத்தைச் சொன்னதும் கருவியைக் கீழே வைத்துவிட்டான். "நாளைக்குக் கூட்டி வாருங்கள் சார், பதிந்துவிடும்." நாளைக்கு எனக்கு விடுப்பு எங்கே இருக்கிறது? காசு வாங்கவில்லை, அது அவனுடைய நல்ல மனது.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. "சார், வீட்டு வாசலில் நிற்கிறேன். பூட்டியிருக்கிறதே?" பிளம்பர். வருவதாகச் சொன்னது காலை எட்டு மணிக்கு. மணி இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். வேறு இடத்தில் வேலை இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்.

கோபத்தில் ஒரு நன்மை உண்டு. வீட்டுக்கு வந்து, அம்மாவுக்கு ரசம் சாதம் போட்டுப் படுக்கவைத்துவிட்டு, நானே ஸ்பேனரை எடுத்தேன். மாடிக்குப் போய்த் தொட்டியிலிருந்து சமையலறைக்கு வரும் வால்வை மூடினேன். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, கைப்பிடித் திருகை நெம்பி எடுத்தேன். கால் சுற்றில் திறந்து மூடும் புதுவகைக் குழாய்களில் பழைய ரப்பர் வாஷர் கிடையாது. உள்ளே இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் திரும்பும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்பு அந்தத் தட்டுகளுக்கு நடுவே வெள்ளைப் பொருக்காகப் படிந்திருந்தது. ஒரு தட்டின் விளிம்பில் நகம் படும் அளவுக்குச் சிறு வெடிப்பு. வாரக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்த சொட்டுச் சத்தத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

பாலக்கரைக் கடைக்கு, அந்தத் தட்டுகள் இருக்கும் பழைய ஸ்பிண்டிலைக் கையிலேயே எடுத்துப் போனேன். "அரை அங்குலம்" என்று வாயால் சொன்னால் கடைக்காரர் ஏதோ ஒன்றைத் தருவார். கைப்பிடி மாட்டும் பற்களின் எண்ணிக்கை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பல் சேராவிட்டால் கைப்பிடி சும்மா சுற்றும். கடைக்காரர் பழையதையும் புதியதையும் தலைக்குத் தலை ஒட்டவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். மாட்டினேன், வால்வைத் திறந்தேன், குழாய்க்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு நின்றேன். விரல் காய்ந்தே இருந்தது. அன்றைக்கு நான் ஜெயித்த முதல் காரியம்.

அந்தத் தெம்பில், சாயங்காலம் ஆயுள் சான்றிதழையும் வீட்டிலேயே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முகத்தைக் காட்டிச் சான்றிதழ் பெறும் வசதி 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. வங்கி மேசையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, சுவரில் ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. இரண்டு செயலிகள் வேண்டும்: ஆதார் ஃபேஸ் ஆர்டி, ஜீவன் பிரமாண். முதல் செயலியை நிறுவியதும் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். அதற்குக் கைப்பேசித் திரையில் படமே வராது. நிறுவவில்லை போலிருக்கிறது என்று மறுபடி மறுபடி தேடாதீர்கள். அது பின்னணியில் வேலை செய்யும். இரண்டாவது செயலியைத் திறந்தால் போதும்.

முதலில் கைப்பேசியை இயக்குபவராக என் ஆதார் எண்ணும் என் முகமும். அதன் பிறகுதான் ஓய்வூதியர். ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், ஓய்வூதியத்தை அனுமதித்த அலுவலகம், வழங்கும் வங்கி எல்லாம் கேட்கும். ஆணையின் நகலை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பிறகு நிராகரிப்பார்கள். "ஓய்வூதிய வகை" என்ற இடத்தில் குடும்ப ஓய்வூதியம் என்பதைக் கவனமாகத் தேர்வு செய்யுங்கள். அடுத்து ஒரு கேள்வி வந்தது: மறுமணம் செய்துகொண்டீர்களா? அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையை எப்படிப் பார்ப்பது? இல்லை என்று போடு தம்பி" என்றார்.

முகம் முதலில் ஏறவில்லை. அம்மாவின் தலைக்குப் பின்னால் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியைத் திருப்பி, வெளிச்சம் முகத்தில் விழும்படி வெறும் சுவருக்கு முன்னால் உட்காரவைத்தேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். திரை கண்ணைச் சிமிட்டச் சொல்லும். அதைத்தான் காலையிலிருந்து அம்மா நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தார். இன்னும் சுருங்காத அதே பாப்பாவோடு, நீர் கோத்த அதே கண்ணோடு, சிமிட்டிய உடனே பச்சை. பிரமாண் எண் குறுஞ்செய்தியாக வந்தது.

கைப்பேசி பழக்கமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அஞ்சலகத்தில் சொல்லிவைத்தால் தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு முடித்துக் கொடுப்பார். நடக்க முடியாதவர்களை வங்கிக்குத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு இது எவ்வளவோ மேல்.

பிரமாண் எண் வந்ததோடு விட்டுவிடாதீர்கள். சான்றிதழ் உருவாவது வேறு, வங்கி அதை ஏற்றுக்கொள்வது வேறு. சில நாட்கள் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு நிலையைப் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன்; ஏற்கப்பட்டது என்று இருந்தது. எச்பிஏ1சிக்கு ரத்தம் கொடுக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம். வேறு ஆய்வகத்துக்கு.