நாயகி கதவைத் திறக்கும் அத்தியாயம்

காதல் நாவல்களைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது என் வேலை. மதுரை மேல மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது எங்கள் ஆபீஸ். சின்னப் பதிப்பகம். இணையத்தில் எபிசோடு எபிசோடாக வந்த தொடர்கதைகளை வாங்கிப் புத்தகமாக்குகிறோம். எழுதுகிறவர்கள் அநேகமாகப் பெண்கள், வாசிக்கிறவர்களும் பெண்கள். வீட்டில் இருப்பவர்கள், நர்சுகள், டீச்சர்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பிள்ளைகள். படுக்கையறைக் காட்சியே இல்லாத கதைகளும் வருகின்றன, அது தாராளமாக இருக்கிற கதைகளும் வருகின்றன. இரண்டாவது வகையைத் திருத்துவதுதான் கடினம். அந்த வேலையின் கடினத்தைப் பற்றி யாரும் அக்கறையாகப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் எழுதுகிறேன்.

சமீபத்தில் முடித்த ஒரு நாவலை வைத்தே சொல்கிறேன். எழுதியவர் ஒரு பள்ளிக்கூடத் தமிழாசிரியை, புனைபெயரில் எழுதுகிறார். நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கதையின் நாயகிக்கு 33 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை, அண்ணா நகரில் ஒரு மாடி போர்ஷனில் தனியாகக் குடியிருக்கிறாள். யாரிடமும் சட்டென்று ஒட்ட மாட்டாள். ஆட்டோவை வீட்டு வாசலுக்கு விடச் சொல்ல மாட்டாள். இரண்டு தெரு முன்னாடியே இறங்கி நடப்பாள். சாப்பாடு ஆர்டர் செய்தால் அப்பா பெயரில்தான் செய்வாள். வாசலில் எப்போதும் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடக்கும். அந்த வீட்டில் ஆண் யாரும் கிடையாது. அவளே கடையில் வாங்கிப் போட்டது. புதுசாகவே இருந்தால் சந்தேகம் வரும் என்று அவ்வப்போது அதை மண்ணில் தேய்த்து வைப்பாள்.

இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஊரில் தனியாக வீடு தேடி அலைந்த எந்தப் பெண்ணும் இதைக் கற்பனை என்று சொல்ல மாட்டாள். "வீட்டுக்காரர் எங்கம்மா வேலை பாக்குறாரு?" என்பதுதான் வாடகைக்கு முன்னால் வருகிற கேள்வி. ராத்திரி ஒன்பதரைக்கு கேட்டைப் பூட்டிவிடுவோம் என்பது அடுத்த செய்தி. இவ்வளவும் தாண்டி ஒரு பெண் குடியேறினால், அவள் கொஞ்சம் இறுகித்தான் இருப்பாள்.

ஆனால் இந்த வகை நாவல்களில் ஒரு வழக்கம் உண்டு. நாயகி இறுக்கமாக இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு பெரிய காயம் இருந்தாக வேண்டும். டீச்சரும் ஒரு முழு எபிசோடு ஃப்ளாஷ்பேக் வைத்திருந்தார்: கல்லூரிக் காதலன், துரோகம், மருத்துவமனை. அதை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். காயத்தைக் காட்டிவிட்டால் காதல் மருந்தாகிவிடுகிறது, நாயகன் டாக்டராகிவிடுகிறான், அவளுடைய ஜாக்கிரதை ஒரு வியாதியாகிவிடுகிறது. அது வியாதி இல்லை. அவள் பார்த்து வளர்ந்த உலகத்தைப் பற்றி அவளுக்கு இருக்கிற அறிவு அது. டீச்சர் ஒரு நாள் யோசித்துவிட்டு அந்த எபிசோடை ஒரு பத்தியாகச் சுருக்கினார். காதலன் இருந்தான், போய்விட்டான், அவ்வளவுதான். கதை உடனே நிமிர்ந்தது.

உண்மையான சிக்கல் நடுவில் இருந்தது. மழை ராத்திரி, கரண்ட் இல்லை. வங்கியில் அவள் மறந்துவிட்டு வந்த ஃபைலைக் கொடுக்க நாயகன் வருகிறான். உள்ளே வந்து அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறான். "வேண்டாம்" என்கிறாள். விடவில்லை. மறுபடியும் வேண்டாம் என்கிறாள். முத்தமிடுகிறான். இத்தனை வருடம் கட்டிய சுவர் ஒரே நொடியில் இடிந்து அவள் உருகிப்போகிறாள். இதற்குப் பிறகு ஆறு பக்கத்துக்குச் சூடான காட்சி. இணையத்தில் அந்த எபிசோடுக்குத்தான் அதிகமான பாராட்டு.

போன் செய்தேன்.

"டீச்சர், ஆட்டோவ ரெண்டு தெரு முன்னாடி நிறுத்துற பொண்ணு, வேண்டாம்னு ரெண்டு தடவ சொல்லியும் விடாத ஆள்கிட்ட எப்படி உருகுவா? அவ இத்தன வருஷமா பயந்ததே அந்த மாதிரி ஆளுக்குத்தானே?"

"ரீடர்ஸ் அதத்தான் கேக்குறாங்க அக்கா. ஹீரோ கொஞ்சம் முரட்டுத்தனமா இருந்தாத்தான் பிடிக்குது."

"ஏன் பிடிக்குதுன்னு நெனைக்கிறீங்க?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அவளா ஆசப்பட்டதா ஆகாதுல்ல. அவன்தான் செஞ்சான்னு ஆயிரும்."

அந்தப் பதில் எனக்கு மிக முக்கியமானதாகப் பட்டது. ஆசையை வாய்விட்டுச் சொன்னால் கெட்ட பெயர் வரும் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட வாசகிக்கு, முரட்டு நாயகன் ஒரு வசதி. பொறுப்பு அவன் தலையில் விழுகிறது, இன்பம் மட்டும் இவளுக்கு மிஞ்சுகிறது. அதனால் அந்தக் காட்சியை ரசிக்கிற பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் அடி வாங்க ஆசைப்படவில்லை. குற்றவுணர்வு இல்லாமல் ஆசைப்பட ஒரு வழி தேடுகிறார்கள். அந்த வழியை வன்முறை இல்லாமலே கட்டிக்கொடுக்க முடியுமா என்பதுதான் எழுதுகிறவருக்கும் எடிட்டருக்கும் முன்னால் இருக்கிற வேலை.

அதைக் கதைதானே என்று விட்டுவிடவும் என்னால் முடியாது. கட்டாயக் கல்யாணம், முதலிரவில் கணவன் பலவந்தம், பிறகு காதல் என்று வருகிற பிரதிகளை மாதம் தவறாமல் பார்க்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, சம்மதமில்லாத உறவை வன்புணர்வு என்று சொல்லிவிட்டு, மனைவி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவளாக இல்லையென்றால் கணவனுக்கு விதிவிலக்கும் தருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த விதிவிலக்கின் தொடர்ச்சிதான் அது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் கொடுமையும் அடங்கும். அதன் கீழ் ஒரு மனைவி பாதுகாப்புக் கேட்கலாம். ஆனால் அவன் செய்ததை வன்புணர்வு என்று சொல்லி வழக்குப் போட முடியாது. சட்டம் இப்படி விலகி நிற்கிற ஊரில், "வேண்டாம்னா அப்புறம் சரின்னு அர்த்தம்" என்று ஒரு நாவல் சொல்லிக்கொடுத்தால், அது கணவன்மார் காதுக்குப் போகாவிட்டாலும் மனைவிமார் மனதில் போய் உட்காரும்.

டீச்சரிடம் சட்டம் பேசவில்லை. குறள் பேசினேன், அது அவர் பாடம். காமத்துப்பாலில் 25 அதிகாரம், 250 குறள். அதில் புணர்ச்சி மகிழ்தல் என்று ஒரே ஒரு அதிகாரம், 111ஆவது. அதற்கு முன்னால் இருப்பவை தகையணங்குறுத்தலும் குறிப்பறிதலும். முதலில் அவளைப் பார்த்துத் திகைக்கிறான், பிறகு அவள் பார்வைக்கு என்ன பொருள் என்று படிக்கிறான், அதற்கப்புறம்தான் கூடல். கூடின பிறகும் வள்ளுவர் 22 அதிகாரம் எழுதுகிறார்: பிரிவு, காத்திருப்பு, கனவு, ஊடல். நூல் முடிவதே ஊடலுவகையில். "உங்க ஆளு குறிப்பறிதலத் தாண்டிக் குதிச்சிட்டாரு டீச்சர்" என்றேன். சிரித்தார். "நாங்க ஸ்கூல்ல அந்தப் பக்கமே போறதில்லயே அக்கா" என்றார். உண்மைதான். 2016இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பள்ளிகளில் திருக்குறளைக் கற்பிக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோதும், அறத்துப்பால், பொருட்பாலின் 108 அதிகாரங்களைத்தான் சொன்னது. பிள்ளைகளுக்கு அது போதும். வளர்ந்த பிறகு மிச்சத்தை யார் சொல்லிக்கொடுப்பது? நம் ஊர்ப் பெண்கள் பலருக்கு இந்த நாவல்கள்தான் சொல்லிக்கொடுக்கின்றன. அதனால்தான் அவற்றைத் திருத்துவதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

பத்து நாள் கழித்துப் புது அத்தியாயம் வந்தது. மழை அப்படியே இருந்தது, கரண்டும் போயிருந்தது. நாயகன் கேட்டுக்கு வெளியே நின்றே ஃபைலைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறான். அவள்தான் "உள்ள வாங்க" என்கிறாள். படியேறி வந்து செருப்பைக் கழற்றுகிற இடத்தில் இன்னொரு ஜோடி ஆண் செருப்பைப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறான். "யாரும் இருக்காங்களா?" என்கிறான். "இல்ல. அது நான் வாங்கிப் போட்டது" என்கிறாள். அதுவரை அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் அது. முத்தத்துக்கு முன்னாலேயே அந்த அத்தியாயத்தின் பெரிய காரியம் நடந்துவிடுகிறது.

அதன் பிறகு வருகிற காட்சி முன்னதைவிடச் சூடாக இருந்தது. நடுவில் "இருங்க" என்கிறாள். அவன் கையை எடுத்துவிடுகிறான். ஏன் என்று கேட்கவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. எவ்வளவு நேரம் இப்படியே இருப்பான் என்று அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மழைச் சத்தம் மட்டும். கடைசியில் அவன் கையை அவளே எடுத்து, எங்கே வேண்டுமோ அங்கே வைத்துக்கொள்கிறாள். அதுவரை கிண்டலாக "சார்" என்று கூப்பிட்டவள் முதல்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

என் பங்குக்கு நான் செய்தது வினைகளைப் பார்ப்பது. இந்த மாதிரிக் காட்சி வந்தால் பென்சிலை எடுத்து, நாயகி எழுவாயாக வருகிற வினைகளை எல்லாம் கோடு போட்டுப் பார்ப்பேன். பழைய வடிவத்தில் அவள் அணைக்கப்பட்டாள், இழுக்கப்பட்டாள், நடுங்கினாள், உருகினாள். புதியதில் பார்த்தாள், சொன்னாள், நிறுத்தினாள், தொட்டாள். மூச்சுக்கு மூச்சு வந்த பூக்களையும் புயலையும் வெட்டினேன். யார் கை எங்கே இருக்கிறது என்று வாசகிக்குக் குழப்பம் வந்த இரண்டு இடங்களில் டீச்சரிடம் கேட்டேன், கூச்சப்படாமல் விளக்கினார்.

எங்கள் ஆபீஸில் கடைசிப் புரூஃபை இன்றும் ஒருவர் சத்தமாக வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்போம். வாசிப்பவர் பழைய அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டராக இருந்த அண்ணன், 60 தாண்டியவர். இந்த மாதிரி அத்தியாயங்களை "நீயே பாத்துரும்மா" என்று தள்ளிவிடுவார், நானும் வற்புறுத்தியதில்லை. இந்த அத்தியாயம் வந்த ஃபாரத்தில், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகிற 16 பக்கத்தில், செருப்புக் கட்டம் வரை சத்தமாக வாசித்தார். "இருங்க" வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு, "எம் மக கோயம்புத்தூர்ல தனியாத்தான் ரூம் எடுத்திருக்கு" என்றார். பிறகு தாளை எடுத்து, அதே குரலில், அந்த 16 பக்கத்தையும் வாசித்து முடித்தார். ஒரு ஒற்றுப்பிழையும் கண்டுபிடித்தார்.

முடிவில்தான் டீச்சருக்கும் எனக்கும் இழுபறி. தொடரில் ஐந்து வருடம் கழித்து என்று ஒரு எபிலாக்: இரண்டு குழந்தைகள், அவள் வேலையை விட்டுவிட்டாள், மாமியார் வீட்டில் பெரிய சமையலறை. எனக்கு அது வேறு யாருடைய கதையோ போல இருந்தது. கல்யாணமும் குழந்தையும் இல்லாமல் தன் வாசகிகளுக்கு நிம்மதி வராது என்று டீச்சர் உறுதியாக நின்றார், அவர் வாசகிகளை அவருக்குத்தான் தெரியும். சரி, வேலையை ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை, அந்த வரி போனது. ஒரு குழந்தை தங்கியது. மாமியார் வீட்டுக்குப் பதில் நாயகன் அவளுடைய மாடி போர்ஷனுக்குக் குடிவந்தான். கேட்டுச் சாவியில் ஒரு டூப்ளிகேட்டை அவளே கடையில் போட்டுக் கொடுக்கிறாள். அந்தச் சாவி டீச்சரின் யோசனை.

இப்போது அவர் எழுதிக்கொண்டிருக்கும் கதையின் நாயகிக்கு 50 வயது, கணவர் இல்லை, கல்லூரியில் படிக்கிற மகன் இருக்கிறான். அந்த மகனுக்கு எல்லாம் தெரியவரும் அத்தியாயத்தில் நின்றுபோயிருக்கிறார். நேற்று ராத்திரி அதைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசினோம்.