ஃபாப் வன் தாய்க்கு ஒரு நேர்த்திக்கடன்

மகளுக்குக் குழந்தை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வியட்நாமில், ஹனோயில் அவள் பக்கத்து வீட்டு அம்மாள்தான், "ஸவ் கோயில் தாயிடம் வேண்டிக்கோ, கைவிட மாட்டாள்" என்று சொல்லியிருக்கிறார். இவள் கேட்டாள், தாய் கொடுத்தாள். பேத்தியைத் தூக்கிக்கொண்டு, அவர்கள் சந்திரக் கணக்கில் நான்காம் மாதம் எட்டாம் நாள், திருவிழாவுக்கே போய்விட்டோம்.

கோயில் பாக் நின் பக்கம், லுய் லவ் என்ற பழைய ஊரில். கி.மு. 111-ல் சீனாவின் ஹான் அரசப் படை பிடித்து, சீனர்கள் ஜியாவோசி என்ற பெயரில் ஆண்ட சீமை இது. அவர்கள் ஆண்ட கோட்டை இன்று வெறும் மண்மேடு.

கூட்டத்தைக் கேட்காதீர்கள். வாசலிலேயே ஊதுவத்தியும் பழத்தட்டும் விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். முகத்தைப் பார்த்தே விலை சொல்கிறார்கள். உண்டியலுக்குச் சில்லறை மாற்றித் தருகிறவர்கள் அதிலும் பிடித்துக்கொள்கிறார்கள். சாமி சந்நிதியிலுமா இந்த வியாபாரம்? பேத்தி வெயிலில் வீறிட்டு அழ, யாரோ ஒரு பாட்டி எங்களை முன்னே தள்ளிவிட்டார்.

தலை நிமிர்ந்தால் தாய். கறுத்த செம்பு நிறம், ஆளுயரத்துக்கும் மேலே, நெற்றி நடுவே புடைத்த பொட்டு. இவள்தான் ஃபாப் வன், மேகத்துக்கு அதிபதி. மழை, இடி, மின்னல் மூன்றும் இவளுடைய தங்கைகள். இந்தியாவிலிருந்து வந்த துறவியின் அருளால் மான் நுவோங் என்ற பெண் பெற்ற குழந்தையை ஒரு மரம் தனக்குள் வாங்கிக்கொண்டதாம். புயலில் விழுந்து ஆற்றில் மிதந்து வந்த அந்த மரத்தை யார் இழுத்தும் அசையவில்லை. பெற்றவள் தன் இடுப்புக்கச்சையை வீசி இழுத்ததும் கரைக்கு வந்துவிட்டது. அதில் செதுக்கிய நால்வர்தான் இந்தச் சகோதரிகள். பிள்ளை வரம் கேட்டவள் இங்கே வராமல் வேறெங்கே போவாள்?

எனக்கு அவர்கள் மந்திரம் தெரியாது. "மாரியாத்தா" என்றுதான் வாய் வந்தது. மழைக்காரிக்கு அது புரியாதா என்ன! தென்னிந்தியாவிலிருந்து வந்த வினீதருசி என்ற துறவி 580-ல் இந்தக் கோயிலில்தான் தங்கினாராம். நம் பக்கத்துக் குரல் இவளுக்குப் புதிதில்லை. கண்ணீர் நிற்கவில்லை. பேத்தி மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே, 1313-ல் மக் டின் சி என்ற அந்தக் கால அறிஞர் எழுப்பிய கோபுரம், இப்போது மூன்று நிலைதான் மிச்சம் என்று மருமகன் விளக்கிக்கொண்டிருந்தார். என் காதில் எதுவும் ஏறவில்லை. தாயே, கேட்டதைக் கொடுத்தாய். இவளை நோய்நொடி இல்லாமல் வளர்த்துக் கொடு. அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளின் மகன் வேலையில்லாமல் இருக்கிறான், அவனையும் கொஞ்சம் பார்.